கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்போம்

“தாவர எண்ணெயில் செய்த பிளாஸ்டிக்; ஆகவே சூழலுக்குத் தீங்கற்றது” என்ற வகை விளம்பரங்களை நீங்கள் படித்திருப்பீர்கள். இதில் ‘ஆகவே’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

மெத்தையிலும் காலணியின் அடியிலும் உள்ள பாலியூரித்தேனை 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கினர். ஐசோசயனேட்டும் பாலியாலும் வினைபுரிந்தால் அது கிடைக்கும். ஒரே மூலக்கூறில் பல ஹைடிராக்சில் தொகுதிகளைக் கொண்ட பொருளே பாலியால். பெரும்பாலும் இது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கிறது. ஆனால் நம் விளக்கெண்ணெயோ இயற்கையிலேயே ஒரு பாலியால்! அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலியிக் அமிலம். அதன் 12-ஆவது கார்பனில் ஒரு ஹைடிராக்சில் இருக்கிறது. சோயா எண்ணெயில் இது இல்லை. அதன் இரட்டைப் பிணைப்புகளில் வேதிமுறையால் ஹைடிராக்சிலைப் புகுத்த வேண்டும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் விளக்கெண்ணெயுடன் முழுமையாக வினைபுரிய ஏறத்தாழ 25 கிராம் டொலுவீன் டை-ஐசோசயனேட் வேண்டும். இது பெட்ரோலியத்திலிருந்து வருவது. தொழிற்சாலைகளில் இதைச் செய்யப் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு பயன்படுகிறது. 1984-ல் போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட் வேறு பொருள்தான். எனினும் அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை மறக்கலாகாது. நுரை உண்டாக்க நீர் சேர்த்தால், நீரும் ஐசோசயனேட்டுடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். அப்போது ஐசோசயனேட் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

“செடியிலிருந்து வந்தது, எனவே மக்கிவிடும்” என்பதும் பிழையே. மக்குவது பிறப்பைப் பொறுத்ததன்று. மூலக்கூறின் அமைப்பைப் பொறுத்தது. விளக்கெண்ணெயின் ஒரு மூலக்கூறில் சராசரியாக 2.7 ஹைடிராக்சில்கள் இருப்பதால், வலைபோன்ற பின்னல் உண்டாகிறது. அதைச் சாதாரணப் பிளாஸ்டிக்கைப்போல் உருக்கி மீண்டும் வார்க்க இயலாது.

இதனால் முயற்சியே வீண் என்று எண்ணிவிடாதீர்கள். விளக்கெண்ணெய் சமையலுக்கு உரியதன்று. நம் அடுப்படியோடு போட்டியிடாது. உலகில் ஆமணக்கு மிக அதிகமாக விளைவதும் இந்தியாவில்தான். தாவர எண்ணெயோடு கார்பன் டை ஆக்சைடையும் அமீன்களையும் சேர்த்து, ஐசோசயனேட் இல்லாமலே பாலியூரித்தேன் செய்யும் வழிகளும் ஆராயப்படுகின்றன.

எனவே அடுத்த முறை இத்தகைய விளம்பரத்தைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எடையில் எண்ணெயின் பங்கு எவ்வளவு? மீதி எதிலிருந்து வந்தது? பயன் தீர்ந்தபின் அப்பொருள் எங்கே போகும்? இவற்றுக்கு விடை தராத விளம்பரம் வணிகமாகலாம், அறிவியல் ஆகாது.