காஃப்காவின் காரியாலய எழுத்துக்கள்

பிராங் காஃப்காவை வாசிப்போர் நீண்டகாலமாக இரு பாசறைகளாகப் பிரிந்து நிற்கின்றனர். அவருடைய நண்பரும் பதிப்பாசிரியருமான மாக்ஸ் புரோட் தொடக்கிவைத்த வழியிற் செல்வோர், ‘விசாரணை’யின் நீதிமன்றத்தையும் ‘கோட்டை’யின் அதிகாரிகளையும் இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள தூரத்தின் குறியீடுகளாகவே காண்பர். சிற்றின்பத் துறைகளுக்குப் பேரின்பப் பொருள் விரித்துத் திருக்கோவையாரைச் சித்தாந்த நூலாக்கிய உரைமரபை அறிந்த நமக்கு இது புதுமையன்று. எதிர்ப்பாசறையினர் முற்போக்குத் திறனாய்வாளர். 1958இல் வெளிவந்த நூலொன்றிலே ‘காஃப்காவா, தோமஸ் மானா?’ என்று கேட்ட லூக்காச், மானின் பக்கமே தீர்ப்பளித்தார். 1963 மே மாதத்தில் செக்கோசிலவாக்கியாவின் லிப்லிசேயிற் கூடிய மாநாடு இத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய முனைந்தது. ஆயினும் அங்கும் விவாதம் பெரிதும் ‘அந்நியமாதல்’ என்னும் சொல்லையே சுற்றிவந்தது.

இரு சாராரும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக ஒதுக்கிவிட்ட செய்தி ஒன்றுண்டு. காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராக் நகரில், பொஹீமிய இராச்சியத்தின் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தவர். அங்கு அவர் எழுதிய அறிக்கைகளையும் மனுப் பதில்களையும் கிளவுஸ் ஹெர்ம்ஸ்டோர்ப் 1984இல் கிழக்கு பெர்லினில் நூலாக்கினார். 2008இல் ஆங்கிலத்திலும் ஒரு தொகுதி வந்தது. இவற்றைப் படித்த பின்னர் பழைய சண்டையில் எப்பக்கத்தையும் சேர்ந்து நிற்பது கடினம்.

ஒஸ்திரியப் பேரரசின் 1887ஆம் ஆண்டு விபத்துக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ் அமைந்தது அந்நிறுவனம். வேலையில் அங்கம் இழந்தவன் தன் முதலாளியின் தவறை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியதில்லை. நிறுவனமே உதவிப்பணம் வழங்கும். காப்புறுதிக் கட்டணத்தில் 90 வீதம் முதலாளியுடையது, 10 வீதம் தொழிலாளியுடையது. முழுதும் உழைப்பாற்றல் இழந்தவனுக்குக் கிடைத்தது ஆண்டு ஊதியத்தின் 60 வீதம். தொழிலகங்கள் ஆபத்தின் அளவுக்கேற்ப வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டன. வகுப்பு உயர்ந்தால் கட்டணமும் உயரும். ஆகவே தம் பட்டறை அவ்வளவு ஆபத்தானதன்று என வாதாடி முதலாளிமார் மனுமேல் மனு அனுப்பினர். அம்மனுக்களுக்கு மறுப்பெழுதுவது காஃப்காவின் அன்றாட வேலைகளுள் ஒன்று.

மரஞ்சீவும் இயந்திரம் பற்றி 1909ஆம் ஆண்டறிக்கையில் அவர் எழுதிய பகுதியே இத்தொகுதியிற் சிறந்ததென்பது என் கருத்து. அக்காலத்துப் பட்டறைகளிற் சதுரத் தண்டு பூட்டிய இயந்திரங்களே மிகுதி. அத்தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 தடவை சுழல, அதன் கத்திகளுக்கும் மேசைத்தட்டுக்கும் இடையே அகன்ற இடைவெளி வாய்பிளந்து நிற்கும். கணு தட்டி மரம் துள்ளினால், அதை அழுத்திப்பிடித்த கை அவ்விடைவெளிக்குள் வழுக்கும். ஒரு விரலின் ஒரு கணு மட்டுமன்றிப் பல விரல்கள் ஒருங்கே போய்விடும். எத்துணை கவனமான தொழிலாளிக்கும் இது நேரும் என்பதை அவர் அழுத்திச் சொல்கிறார். ‘தொழிலாளியின் கவனயீனம்’ என்ற வாய்ப்பாடு இன்றும் எத்தனை விசாரணைகளை மூடிவிடுகின்றது என்பதை அறிந்தவர்கள் இவ்வாக்கியத்தின் பெறுமதியை உணர்வர். கத்திகளைத் தன்னுள் மறைத்துக்கொண்ட உருளைத் தண்டைப் பொருத்தினால், வழுக்கும் கைக்குச் சிறு கீறலே மிஞ்சும். இதனை விளக்க அவர் படங்களைச் சேர்த்தார்: தண்டுகளின் படங்கள், அவற்றோடு விரலிழந்த கைகளின் படங்கள். உருக்கமான அடைமொழி ஒன்றேனும் இல்லை. இன்ன பொறி, இன்ன இடைவெளி, இன்ன கை என்ற கணக்கே உண்டு. தொழிலாளர் துயரைப் பாடுகிறோமென்று ‘இரத்தக் கண்ணீர்’ வடிக்கும் நம் கதைகள் பலவற்றில் அத்துயரை விளைத்த இயந்திரம் எப்படி ஓடுகின்றது என்பது இல்லை. நலிவிலக்கியகர்த்தா என்று நாம் ஒதுக்கியவர் அதை அறிந்திருந்தார்.

இவ்வறிவு கதைகளுக்குட் புகவில்லையா? 1915இல் வெளிவந்த ‘உருமாற்ற’த்தில், பூச்சியாக விழித்தெழும் கிரகோர், சுகவீனம் என்று அறிவித்தால் என்ன நேரும் என எண்ணுகிறான்: முதலாளி காப்புறுதி வைத்தியரோடு வந்துவிடுவார், அவ்வைத்தியர் கண்ணில் உலகில் நோயாளியே இல்லை, உள்ளவர்கள் எல்லாரும் சுகதேகிகளான சோம்பேறிகள். இதற்கு இறையியல் உரை எதற்கு? ‘தண்டனைக் குடியேற்ற’த்தின் அதிகாரி தன் கொலை இயந்திரத்தைப் பெருமிதத்தோடு விளக்குகையில் இடையே ஒரு முறைப்பாடும் செய்கிறான்: புதிய வார் கேட்டால் அறுந்த வாரைச் சான்றாக அனுப்பச் சொல்கிறார்கள், பத்து நாள் கழித்து வருவதும் தரங்குறைந்தது. காரியாலயக் கோவைகளைப் புரட்டாத கை இவ்வரியை எழுதியிராது. முற்றுப்பெறாத ‘அமெரிக்கா’ நாவலிலே தெரேசா தன் தாயின் சாவைச் சொல்கிறாள். தங்க இடமின்றிப் பனியிரவு முழுவதும் அலைந்த தாய், காலையில் வேலைக்கென்று கட்டடச் சாரத்தில் ஏறி விழுந்து இறக்கிறாள். இறப்பின் காரணம் அடிசறுக்கலா, முந்தைய இரவா? காப்புறுதிப் படிவத்தில் இக்கேள்விக்குக் கட்டம் இல்லை, நாவலில் உண்டு.

‘விசாரணை’யின் நாயகன் கொல்லப்படும் கற்குழியையும் 1914ஆம் ஆண்டறிக்கையில் வரும் கற்குழி விபத்துக்களையும் முடிச்சுப் போடுவோர் உளர். நான் அவ்வளவு தூரம் போகேன். தொழிலாளரின் பாதுகாப்புத் தலைக்கவசத்தைக் கண்டுபிடித்தவரே காஃப்கா என்ற கதையும் ஆதாரமற்றது.

அவரைத் தொழிலாளர் தோழனாக முடிசூட்டவும் நான் விரும்பவில்லை. உருளைத் தண்டை ஏற்குமாறு முதலாளிமாரை இணங்கவைக்க அவர் எடுத்த வாதங்களுள் ஒன்று, அது செலவு குறைந்தது என்பது. அவ்வாதமே அவர்களிடம் செல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார். விரலின் விலை அங்கே தனியாக நிற்கவில்லை. இதைவிடக் கசப்பானது மற்றொன்று. 1911இல் மைத்துனரோடு சேர்ந்து அவர் பிராக்கில் கல்நார்த் தொழிற்சாலை ஒன்றின் பங்காளியானார். அங்குள்ள பெண்களைப் பற்றி 1912 பெப்ருவரியில் நாட்குறிப்பு எழுதுகிறார்: இடைவிடாத இரைச்சலில், அழுக்கான உடையோடு நிற்கும் அவர்களை எவரும் மனிதராக மதிப்பதில்லை, வணக்கமும் சொல்வதில்லை; ஆறு மணிக்கு வேலை ஓய்ந்ததும் அவர்கள் மீண்டும் பெண்களாகின்றனர். காட்சி கூர்மையானது, காண்பவரோ உரிமையாளருள் ஒருவர். கல்நார்த் தூசு நுரையீரலை என்ன செய்யும் என்பது பின்னரே உலகறிந்த உண்மையாயிற்று. எனினும் மரஞ்சீவும் பொறியின் இடைவெளியை அளந்தவரின் கண், அப்பெண்களின் உடைகளிற் படிந்த புழுதியை அழுக்கென்றே கண்டது.

நிறுவனத்துக்கு வரும் தொழிலாளர் அதனை உடைத்தெறியாமல் வந்து இரந்து நிற்கிறார்களே என அவர் வியந்ததாக மாக்ஸ் புரோட் பதிவுசெய்துள்ளார். இரந்து நிற்பவன் காஃப்காவின் நாவல்களில் எங்கும் உள்ளான்: வாயிற்காவலன் முன் ஆயுள் முழுதும் காத்திருக்கும் நாட்டுப்புறத்தான், கோட்டையின் அதிகாரி ஒருவரைச் சந்திக்க அலையும் நிலமளப்போன். உடைத்தெறிபவனைத்தான் அவர் எழுதவில்லை. லூக்காச் அதனைச் சரியாகவே கண்டார். ஆனால் இரப்பவன் எந்த வாசலில், எந்தப் படிவத்தோடு, எத்தனை விரல்களை இழந்து நிற்கிறான் என்பதை அவர் கேட்கவில்லை. இலங்கையிலும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், இழந்த அங்கத்தை உழைப்பாற்றலின் வீதமாக மாற்றும் அட்டவணையைக் கொண்டுள்ளது. உயர்தர வகுப்பிலே ‘உருமாற்ற’த்தை அறிமுகம் செய்கையில் இப்போதெல்லாம் அவ்வட்டவணையையும் மாணவர்முன் வாசிக்கிறேன்.