நடுகல் மரபும் விக்டோரியச் சிலையும்: வில்லியம் பேனஸ் வடித்த ஹேவ்லாக் உருவத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

அந்தமானின் ரிச்சி தீவுக்கூட்டத்தில் அமைந்த பெரிய தீவு 2018 வரை ஹேவ்லாக் எனப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் அது 'சுவராஜ் தீவு' எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும், பேச்சு வழக்கில் பழைய பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அப்பெயருக்குரிய படைத்தலைவர் ஹென்றி ஹேவ்லாக்கின் வெண்கலச் சிலை இலண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிறது. அதனை வடித்தவர் வில்லியம் பேனஸ். வீரனின் பெயர் தீவில் நின்றது. உருவம் இலண்டனில் நின்றது. வடித்த கலைஞரோ பெரிதும் மறக்கப்பட்டார். இம்மூன்றையும் தமிழ் நடுகல் மரபோடு ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிற்பியின் வாழ்வு

பேனஸ் 1795 அளவில் இலண்டனில் பிறந்தார். தந்தை ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து குடியேறிய பியானோ செய்பவர். இளமையில் அயர்லாந்தின் டப்ளினில் ஓவியம் பயின்ற பேனஸ், இலண்டன் திரும்பியபின் இராயல் அகாதெமிப் பள்ளியில் சேர்ந்தார். உருவப்பட ஓவியராகத் தொழில் தொடங்கிச் சிற்பத்திற்கு மாறினார். ஓவியர் கண்டு பழகிய முகநுணுக்கமே அவருடைய மார்பளவுச் சிலைகளின் வலிமையாயிற்று எனலாம். குழந்தைகளின் முகங்களை வடிப்பதில் அவர் தனித்திறம் பெற்றிருந்தார். விக்டோரியா இளவரசியாக இருந்த சிறுவயதிலேயே அவருடைய உருவத்தை வடித்தவர் இவர். 1837இல் அரசியின் சிற்பியாகவும் நியமனம் பெற்றார். பின்னாளில் ஓவியராகவும் சிற்பியாகவும் புகழ்பெற்ற ஜி. எஃப். வாட்ஸ் சிறுவனாகப் பழகிய கலைக்கூடமும் இவருடையதே.

புகழ் பொருளாகவில்லை. ஒழுங்கற்ற வாழ்வும் கடனும் அவரைச் சாய்த்தன. அவருடைய தம்பி ஹென்றியும் ஒரு சிற்பியே. அண்ணனோடு சேர்த்து எண்ணப்படுவதைத் தவிர்க்க அவர் 'பர்லோ' எனும் பெயரைச் சூடிக்கொண்டார். ஒரு பெயரின் சுமையிலிருந்து விலகப் புதுப்பெயர் சூடும் வழக்கம் தீவுகளுக்கு மட்டும் உரியதன்று என்பது இங்கு நோக்கத்தக்கது. ஹேவ்லாக் சிலை நிறுவப்பட்ட 1861ஆம் ஆண்டிலேயே பேனஸ் நொடித்துப் போனார். 1864 சனவரியில் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

சிலையும் அதன் குறையும்

ஹேவ்லாக் 1857 நவம்பர் 24இல் இலக்னோவில் நோயுற்று இறந்தவர். எனவே, சிற்பியின் முன் அமர்ந்து உருவம் தர அவர் இல்லை. இச்சிலை ஒளிப்படத்தைத் துணைக்கொண்டு வடிக்கப்பட்ட முதற்சிலைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நேரில் கண்ட முகங்களில் உயிர்ப்பைக் காட்டிய கலைஞர், காணாத முகத்தில் கடமையை மட்டுமே காட்டினார் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பீடத்தில் ஹேவ்லாக்கின் கீழ்ப் போரிட்ட படைப்பிரிவுகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எதிர்நின்றோர் எவருக்கும் அங்கு இடமில்லை.

நடுகல்லோடு ஒப்பீடு

தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல்லின் படிநிலைகளை வகுக்கிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டக் காதைகளின் பெயர்களும் பெரும்பாலும் இவ்வடிப்படையில் அமைந்தவையே. நடுகல் மரபிலும் சிற்பியின் பெயர் பெரும்பாலும் முன்னிற்பதில்லை. வீரனே முதன்மை பெறுகிறான். இவ்வகையில் இரு மரபும் ஒன்றுபடுகின்றன.

வேறுபாடு இடத்தில் உள்ளது. நடுகல் பெரும்பாலும் வீரனின் ஊரை ஒட்டியோ அவன் வீழ்ந்த நிலத்திலோ நிற்பது. அவனை அறிந்தோர் எடுப்பது. ஹேவ்லாக்கின் பெயரோ அவர் போரிடாத, வீழாத ஒரு தீவின்மேல் இடப்பட்டது. 1858 மார்ச் 10இல் கிளர்ச்சியாளர் 200 பேருடன் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியிருப்பு தொடங்கியது. அவர்களை வென்ற ஹேவ்லாக், நீல், அவுட்ராம், லாரன்ஸ் ஆகியோரின் பெயர்களே அருகிலிருந்த தீவுகளுக்கு வழங்கின. சிலப்பதிகாரத்தில் தோற்ற மன்னர் கனகவிசயர் வென்றோரின் கல்லைத் தலையில் சுமந்தனர். அந்தமானில் தோற்றோர் வென்றோரின் பெயர்களுக்கு நடுவே சிறையிருந்தனர்.

சென்னைச் சான்று

ஹேவ்லாக்கின் கீழ்ப் போரிட்டு 1857 செப்டம்பர் 25இல் இலக்னோவில் மாண்டவர் ஜேம்ஸ் நீல். மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் தலைவர். மேத்யூ நோபிள் வடித்த அவருடைய சிலை சென்னை மவுண்ட் சாலையில் நின்றது. 1927இல் அதனை அகற்றக் கோரித் திருநெல்வேலி சோமயாஜுலு தலைமையில் அறப்போர் நிகழ்ந்தது. கடலூர் அஞ்சலையம்மாள் தம் மகளுடன் சிறை சென்றார். 1937இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தது.

ஆனால் அந்தமானில் 'நீல் தீவு' எனும் பெயர் அதற்குப் பின்னும் 81 ஆண்டுகள் வழங்கியது. 2018இல்தான் அது 'சாகீத் தீவு' ஆயிற்று. கண்ணுக்குத் தெரியும் உருவம் சினத்தை எழுப்பியது. நாவில் பழகிய பெயரோ பொருளிழந்து நிலைத்தது. ஆகவே, ஆதிக்கத்தின் நினைவை நெடிது காப்பதில் வெண்கலத்தைவிடப் பெயரே வலியது என்பது பெறப்படுகிறது. இலண்டனிலும் 2000இல் அந்நகர மேயர் கென் லிவிங்ஸ்டன் ஹேவ்லாக் சிலையை அகற்றலாம் என்றபோது, அத்தளபதி யாரென்றே தமக்குத் தெரியாது என்றார். பெயர் மறந்த உருவத்தின் நிலை அது.

முடிவுரை

நடுகல்லில் மறவர் அம்பு தீட்டியதால் எழுத்துத் தேய, பின்வந்தோர் அதனைப் படிக்கவியலாது கடந்து செல்லும் காட்சி அகநானூற்றில் உண்டு. ரிச்சி தீவுக்கூட்டத்திற்கும் அது பொருந்தும். அங்கு வாழ்ந்த அக்கா-பேலே எனும் பெரிய அந்தமானியப் பிரிவினர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மறைந்தனர். ஆங்கிலேயர் இட்ட பெயரும் சரி, 2018இல் வந்த பெயரும் சரி, அவர்களை நினைவூட்டுவன அல்ல. பெயர் மாற்றம் தேவையான நீதியே. ஆயினும் அது முழுமையான நீதியன்று. பேனஸ் தாம் காணாத ஒரு முகத்தை ஒளிப்படத்தின் துணையால் மீட்க முயன்றார். அக்கா-பேலே மக்களுக்கு நடுகல் எடுப்பார் இல்லை. அவர்கள் தம் தீவுகளை அழைத்த பெயர்களைத் தேடித் தொகுப்பது இடப்பெயராய்வில் ஈடுபடும் தமிழ் ஆய்வாளர்க்கும் உரிய கடமையாகும்.