கை பொறுக்கும் சூடு

கீசரில் தண்ணீர் 60 டிகிரியில் இருப்பது நல்லது. வெதுவெதுப்பாகத் தேங்கினால் லெஜியோனெல்லா கிருமி பெருகும். அதே 60 டிகிரி, குழந்தையின் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்துவிடும் உள்ளங்கை அளவுப் பித்தளை வால்வு.

அதன் வயிற்றுக்குள் சின்னதாய் ஒரு மெழுகுக் குப்பி. கலந்து வரும் நீர் சூடேறினால் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளும். வெந்நீர் வழி குறுகும், பச்சைத்தண்ணீர் வழி அகலும். ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் தண்டைத் திருப்பித் தள்ளும். கரண்டே வேண்டாம். பச்சைத்தண்ணீர் திடீரென்று நின்றால் வெந்நீரையும் அடைத்துவிடும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. உப்புத்தண்ணீர் வீடுகளில் மட்டும் அதன் வடிகட்டியை அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும்.

எங்கள் வீட்டில் வால்வை 40 டிகிரிக்கு வைத்திருக்கிறோம். அம்மா இன்னமும் புறங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேரனைக் குளிப்பாட்டுகிறாள்.