உடன்பயிலும் கருவி - ஒரு விமர்சன நோக்கு

நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியைப் பங்கிட்டுக் காட்டுகின்றது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொள்ளினும் மாணாக்கன் அடைவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே கைகூடும் என்பது பவணந்தியார் கணக்கு. செயற்கை நுண்ணறிவு கொண்ட உரையாடு கருவிகளைக் கற்றல் தோழராக ஏற்கலாமா எனும் இன்றைய வினாவிற்கும் இக்கணக்கு உரைகல்லாகின்றது.

2022 நவம்பரில் சட்ஜிபிடி பொதுப்பாவனைக்கு வந்தபின் இத்தகைய கருவிகள் மாணவரின் மேசைக்கே வந்துவிட்டன. தளராமை, இகழாமை, நள்ளிரவிலும் விடைதரல் ஆகிய இவற்றின் நற்பண்புகள் மறுக்கற்பாலன அல்ல. வகுப்பில் வினவக் கூசும் மாணவர்க்கு இவை பெருந்துணையே. ஆயின், வினவுவோர் என்றும் மாணவர், விடை கூறுவது என்றும் கருவி எனின், அவ்வுறவைத் தோழமை என்பது எங்ஙனம் பொருந்தும்? எடுத்துரைத்தலாகிய அரைப்பங்கைக் கருவியே கவர்ந்துகொள்கின்றது.

இது வெறும் ஐயமன்று. துருக்கியில் உயர்நிலைப் பாடசாலை மாணவர் ஏறத்தாழ ஆயிரவரிடை நடத்தப்பட்டு 2025 இல் வெளியான ஆய்வொன்று ஈண்டு நோக்கத்தக்கது. கணிதப் பயிற்சியின்போது கருவியைத் தடையின்றிப் பயன்படுத்தியோர் 48 வீதம் கூடிய பெறுபேறு காட்டினர். கருவி அகற்றப்பட்ட பரீட்சையிலோ, அதனை ஒருபோதும் பெறாதோரினும் 17 வீதம் பின்தங்கினர். விடையை நேரே தராது குறிப்பு மட்டும் தருமாறு அமைக்கப்பட்ட கருவியைக் கையாண்டோரிடம் இவ்வீழ்ச்சி பெரும்பாலும் காணப்படவில்லை. எனவே, கருவிக்கு அளிக்கப்படும் பாத்திரமே விளைவைத் தீர்மானிக்கின்றது எனலாம்.

சட்ஜிபிடிக்குப் பல்லாண்டு முன்னரே அமெரிக்காவின் வன்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பெற்றியின் மூளை’ எனும் மென்பொருள் வேறொரு பாத்திரத்தைக் காட்டுகின்றது. பெற்றி என்பவள் திரையில் தோன்றும் மாணவி. தானாக எதனையும் அறியாதவள். ஆற்றுவாழ் உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் முறை போன்றவற்றைக் கருத்துப்படமாக வரைந்து மாணவரே அவளுக்குக் கற்பிக்க வேண்டும். அவள் பரீட்சையில் தவறின், கற்பித்தோர் தாம் வரைந்த படத்திலேயே பிழையைத் தேடித் திருத்துவர். இம்மென்பொருளைக் கொண்டு நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்று, மாணவர் தமக்காகக் கற்பதினும் தாம் கற்பிக்கும் பாத்திரத்திற்காகக் கற்பதிலே கூடிய நேரம் செலவிட்டமையைப் பதிவு செய்துள்ளது.

பெற்றிக்கும் குறையுண்டு. கற்பித்ததை அவள் ஏற்பாளேயன்றி, தன் வாழ்வனுபவத்தைக் காட்டி மறுக்கமாட்டாள். அவ்வாறு மறுத்துரைக்கும் காற்பங்கிற்கு மனிதத் தோழரே வேண்டும். ஆயினும் அரைப்பங்கை மாணவரிடமே விட்டுவைத்த வகையில் அவள் மேலானவள். பல்கலைக்கழகங்கள் இக்கருவிகளைத் தடுப்பதா, அனுமதிப்பதா என வாதிடுமுன், எடுத்துரைக்கும் பொறுப்பு எவரிடம் உள்ளது என வினவுதல் தகும்.