தட்டையான ஊரின் மேடு பள்ளங்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையில் எதைக் காட்டுவது என்பதற்கு ஒரு பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது: மெரினா, கபாலீசுவரர் கோயில், சாந்தோம், எழும்பூர் அருங்காட்சியகம், நேரமிருந்தால் மாமல்லபுரம். பட்டியல் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிடும். அருவி கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது, போகிற இடமெல்லாம் ஒரே தரை. இந்த ஊரில் தெருவில் நடந்து ரசிக்க என்ன இருக்கிறது என்று ஊர்க்காரர்களே கேட்கிறார்கள். ஊர் தட்டைதான், மறுப்பதற்கில்லை. சென்னையின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7 மீட்டர். இரண்டு மாடி வீட்டின் உயரம்கூடச் சரியாக வராது. ஆனால் ஊர் தட்டையாக இருப்பதால்தான் இங்கே ஒவ்வொரு அடி உயரத்துக்கும் மதிப்பு கூடுகிறது. ஊட்டியில் மூன்றடி மேடு யார் கண்ணிலும் படாது. சென்னையில் எந்தத் தெரு மூழ்கும், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும், எந்த வீட்டு வாசற்படி ரோட்டுக்குள் புதையும் என்பதையெல்லாம் அந்த மூன்றடிதான் தீர்மானிக்கிறது. மேட்டையும் பள்ளத்தையும் அடிக்கணக்கில் பார்க்கக் கண்ணைப் பழக்கிக்கொண்டால், தினமும் கடந்துபோகிற சாதாரணத் தெருவில் நின்று பார்க்க அவ்வளவு இருக்கிறது.

பழகத் தொடங்குவதற்கு ரயில் நிலையம் நல்ல இடம். நடைமேடையின் கோடியில் நிற்கும் மஞ்சள் பெயர்ப்பலகையில் ஊரின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் எண் பல நிலையங்களில் இருக்கும். அந்த இடம் கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. வருடக்கணக்கில் அந்தப் பலகைக்குக் கீழே நின்று வண்டிக்குக் காத்திருப்பவர்கள்கூட அதைப் படித்திருக்க மாட்டார்கள். கடற்கரை நிலையத்தில் ஏறித் தாம்பரம் நோக்கிப் போகும்போது, கண்ணுக்குத் தரை அப்படியே இருப்பதாகத் தோன்றினாலும், நாம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தட்டைத் தரைக்கு அறிவியல் வரலாற்றிலும் இடம் உண்டு. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்ப்டன் இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும் பணிக்கான அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பகுதியிலிருந்து சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அளந்தார். அத்தனை நீளக் கோட்டைச் சங்கிலி வைத்துப் பிழையில்லாமல் அளக்க, ஏற்ற இறக்கம் குறைந்த நிலம் வேண்டியிருந்தது. பின்னாளில் இமயம் வரை நீண்ட அந்த அளவைக்கு, 'பார்க்க ஒன்றுமில்லை' என்று நாம் ஒதுக்குகிற இந்தத் தரை முதற்கோடாக இருந்திருக்கிறது.

இனித் தெருவுக்கு வரலாம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் ஆகியவற்றின் பழைய வீடுகளில் முகப்பையும் தூணையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வாசற்படிகளைப் பாருங்கள். திண்ணைக்கு ஏறுவதற்கு முன்பு மூன்று நான்கு படிகள் இருந்த வீட்டில் இப்போது ஒன்றரைப் படி மிஞ்சியிருக்கும். சில வீடுகளில் திண்ணை ரோட்டுக்குச் சமமாகிவிட்டது. இன்னும் சிலவற்றில் ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். வீடு எங்கும் இறங்கவில்லை, தெருதான் ஏறியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுப் பல ஆண்டுகளில் உயர்ந்த உயரம் அது. மரத்தின் வளையங்களைப் போல, புதைந்த படிகள் அந்தத் தெருவின் வயதைச் சொல்லும். பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்ற விதி இப்போது வந்திருக்கிறது. அதைக் கடைப்பிடித்த தெரு எது, கடைப்பிடிக்காத தெரு எது என்பதையும் வாசற்படியே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு மக்கள் கண்டுபிடித்த பதிலும் பார்க்க வேண்டியதுதான். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் முழு வீட்டையும் அடித்தளத்திலிருந்து அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளின் மேல் நிறுத்தி, அங்குலம் அங்குலமாகத் தூக்கிப் புது அடித்தளம் கட்டுகிறார்கள். சுவரின் அடியில் நிறம் மாறித் தெரியும் புதுப் பூச்சுப் பட்டை அங்கே சில அடி உயரம் வாங்கப்பட்டிருப்பதன் அடையாளம்.

பள்ளத்தை வேண்டுமென்றே தோண்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. சில வீடுகளில் குடிநீர் வாரியத்தின் குழாயோடு இணைத்த அடி பம்ப், தரைமட்டத்துக்குக் கீழே ஒரு குழிக்குள் நிற்கும். குழாயில் வரும் தண்ணீருக்கு மேலே ஏறும் அழுத்தம் போதாததால், இரண்டடி கீழே இறங்கிப் பிடித்தால் அடுத்த வீட்டைவிட ஒரு குடம் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கு அது. அதே கணக்கின் பெரிய வடிவம் நிலத்தடியில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையை ஒட்டிக் கடலுக்கு இணையாகப் பழைய மணல்மேடுகள் நீண்டு கிடக்கின்றன. வீடுகள் மூடிவிட்டதால் அவை மேடு என்றே தெரிவதில்லை. மழைநீர் அந்த மணலில் சட்டென்று இறங்கி, அடியில் உள்ள கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கிணற்று நீர் குடிக்கும்படி இருந்ததற்கு இதுதான் காரணம். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறி வருவதற்கும் இதுவே காரணம். புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772-இல் வெட்டிய ஏழு கிணறுகளும் கடலுக்கு அருகில்தான் இருந்தன. இன்றைக்கு ஏழுகிணறு என்பது பலருக்கும் ஒரு பகுதியின் பெயர் மட்டுமே.

தியாகராய நகருக்குத் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு ஓர் ஏரியின் படுகையில் நிற்கிறோம் என்பது தெரியும்? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியை 1920-களில் வற்றவைத்துத்தான் அந்தக் குடியிருப்பு எழுந்தது. பிட்டி தியாகராயரின் பெயர் வைத்தார்கள், நடுவில் பனகல் பூங்கா அமைத்தார்கள், தெருக்களைத் திட்டமிட்டுப் போட்டார்கள். எஞ்சியிருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னர் தூர்ந்தது. 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் அந்த ஏரிப் பகுதியில்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து எந்த ஏரியும் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. கரை கட்டிக் காக்க அங்கே தண்ணீர் இல்லை. இவை வெறும் பெயர்கள்தானே, பெயரை வைத்து நிலத்தைப் படிப்பது அசட்டுத்தனம் அல்லவா என்று கேட்கலாம். பெயரை மட்டும் நம்பினால் தவறுதான். பெயர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பலாம், தீர்ப்பு சொல்ல வேண்டியது தண்ணீர். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்களில் நாள்கணக்கில் நீர் நின்றது. அந்த நீர் வெளியேற இருக்கும் வழி, வள்ளுவர் கோட்டத்துப் பக்கத்திலிருந்து நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய். அந்தக் கால்வாயை ஒரு சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். ஏரி போன பிறகும் அதன் வடிகால் வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கும் பாதை அது. பாலத்தின் மேல் இரண்டு நிமிடம் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே பேட்டையின் சரிவு முழுவதும் புரிந்துவிடும். துரைசாமி சுரங்கப்பாதையிலும் அரங்கநாதன் சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நிற்பதை இதற்குச் சான்றாகச் சொல்வது நியாயமாகாது. ரயில் பாதைக்கு அடியில் எங்கே தோண்டினாலும் நீர் சேரும். சுரங்கப்பாதைக்கு வெளியே, சமமாகத் தெரியும் தெருவில் எந்த வீட்டு வாசலில் முதலில் நீர் சேர்கிறது, எந்த வாசலில் கடைசியாக வடிகிறது என்பதுதான் சான்று.

கடற்கரையிலும் இதே கண்ணோடு நிற்க வேண்டும். மெரினாவின் அகலம் இயற்கை கொடுத்தது என்று நினைக்கிறோம். பெரும்பகுதி மனிதன் செய்த வேலையின் விளைவு. இந்தக் கரையோரத்தில் அலைகள் ஆண்டு முழுவதும் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன; கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1870-களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணலின் பயணம் தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அந்தக் கரையோரம் உலாவும் சாலையை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்கு அருகிலேயே அலை அடித்தது. இன்று கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே சாலையும் வெளியும் கிடக்கின்றன. ஐஸ் ஹவுஸ் என்ற விவேகானந்தர் இல்லத்தின் எதிரே நின்று கடலைப் பாருங்கள். 1842-இல் கட்டிய அந்தக் கட்டடம், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைக் கரையிறக்கி உருகுவதற்குள் உள்ளே வைப்பதற்கானது. இன்று அலையைத் தொட அங்கிருந்து மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். இந்தக் கதையின் மறுபாதி வடசென்னையில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் மெரினாவை ரசித்ததாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. தெற்கே தங்கிவிட்ட மணல் வடக்கே போய்ச் சேரவில்லை. அதனால் ராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கிக் கடல் கரையை அரித்தது. மீனவர் குப்பங்கள் நிலத்தையும் வீடுகளையும் இழந்தன. எண்ணூர் விரைவுச்சாலையோரம் கடலுக்கும் சாலைக்கும் நடுவே குவித்திருக்கும் கருங்கற்கள், மெரினா மணலுக்கு வடக்கே கொடுத்த விலை.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும். வெள்ளத்தில் பாத்திரம் பண்டத்தை இழந்தவர்கள் இருக்கிற ஊரில், கடல் கொண்டுபோன குப்பங்களின் கரையில் நின்றுகொண்டு, 'ரசிப்பது' பற்றிப் பேசலாமா? 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சுவரில் படிந்த சேற்றுக்கோட்டை ஒரு காட்சிப் பொருளாகப் பார்ப்பது இரக்கமற்ற செயல் இல்லையா? இந்தக் கேள்வியை ஒதுக்க எனக்கு மனமில்லை. அழகைத் தேடி மட்டும் போகிறவருக்கு அந்தக் கோடு ஒரு கறை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் சொல்லும் ரசனை காரணத்தைத் தேடுவது. ஒரு தெரு ஏன் மூழ்குகிறது, பக்கத்துத் தெரு ஏன் மூழ்கவில்லை என்று தெரிந்தவர் வெள்ளத்தை விதி என்று சொல்லிவிட்டு நகர மாட்டார். அந்தப் பள்ளம் யார் தோண்டியது, அந்த ஏரியை யார் தூர்த்தது என்று கேட்பார். வீடு வாங்கப் போகும்போது சமையலறையின் நீள அகலத்துக்கு முன்பு தெருவின் மட்டத்தைப் பார்ப்பார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை வெற்றிடம் என்று நினைக்க மாட்டார். தென்சென்னையின் நீர் வந்து தங்கும் தாழ்வான இடம் அது, 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நிலம் என்று அறிவார். உயரத்தைப் பார்க்கப் பழகுவதும் அங்கே வாழ்கிறவர்களின் பாட்டைப் பார்க்கப் பழகுவதும் ஒரே பழக்கம்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பலரும் பரங்கிமலை உச்சியைச் சொல்வார்கள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஊரே தெரியும். ஆனால் அது இரண்டாவதாகப் போக வேண்டிய இடம். அவ்வளவு மேலிருந்து பார்த்தால் கீழே உள்ள மூன்றடி ஐந்தடியெல்லாம் கரைந்து, ஊர் மறுபடியும் தட்டையாகிவிடும். அங்கே போகிறவர்கள் கீழே பரந்து கிடக்கும் ஊரைப் பார்த்துவிட்டு, காலடியில் இருக்கும் கல்லையும் பார்க்கட்டும். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையின் வகைக்கு, அதே வகைக் கல்லால் ஆன, கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893-இல் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்கள். உலகப் பாறையியல் நூல்களில் இடம்பெற்ற பெயர் அது.

முதல் நாளுக்குப் பறக்கும் ரயிலே போதும். கடற்கரை நிலையத்தில் ஏறி வேளச்சேரி வரை சன்னலோரம் உட்காருங்கள். வழியில் நெடுந்தூரம் அது பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. பல இடங்களில் தூண்கள் கால்வாய்ப் படுகையிலேயே ஊன்றியிருக்கின்றன. 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பகுதி இந்த வழியில்தான் வருகிறது. படகுகள் உப்பும் விறகும் சுமந்து போன நீர்வழி, இன்று ஒடுங்கிக் கறுத்துக் கிடக்கிறது. கால்வாய் ஓடும் தாழ்வான தடத்தையும், அதன் இரு பக்கமும் வீடுகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்பதையும் மாடி உயரத்திலிருந்து ஒரே பார்வையில் பார்க்க வேறு நல்ல வழி இல்லை. கூடுமானால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசியிலோ கார்த்திகையிலோ, ஒரு நல்ல மழை விட்ட அன்றைக்கே போங்கள். திருமயிலையில் இறங்கி மாட வீதிகளைச் சுற்றி நடங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே தயங்கி நிற்கிறது, எந்தக் கடைக்காரர் வாசலில் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பாதாளச் சாக்கடை மூடிகள் சாலையைவிட எங்கே மேலே துருத்துகின்றன, எங்கே கீழே புதைந்திருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். அடுத்த மழைக்கு உங்கள் சொந்தத் தெருவிலும் இதையே செய்யுங்கள்.