துல்லியம் எங்கே நின்றுவிடுகிறது?

கதிர்வீச்சு சிகிச்சையை நம் ஊர்களில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அது இரண்டு கட்டம். ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர். பிறகு யோனி வழியாகக் கருப்பைக்குள் கருவியைச் செலுத்தி, கட்டியின் அருகிலிருந்தே கதிர். இந்த இரண்டாவதுதான் பிரேக்கிதெரபி.

ரேடியம், சீசியம் காலத்தில் பெண் தனியறையில் அசையாமல் ஓரிரு நாள் கிடக்க வேண்டும். இன்று இரிடியம்-192 சில நிமிடங்களில் கதிரைக் கொடுத்துவிடுகிறது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து, கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை அமைக்கிறார்கள். இப்படிச் சிகிச்சை பெற்ற 1,341 பெண்களைத் தொடர்ந்த ‘எம்பிரேஸ்’ ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஐந்தாண்டு முடிவில் சுமார் 92 விழுக்காடு பேருக்கு நோய் அதே இடத்தில் கட்டுக்குள் இருந்தது. இது பெரிய சாதனை.

ஆனால் எதையெல்லாம் அளக்கிறோம் என்பதைப் பெண்கள் கேட்டாக வேண்டும். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் கதிரைக் கணக்கிடுவது பழைய வழக்கம். யோனிக்குப் போகும் கதிர் வெகு தாமதமாகவே அந்தக் கணக்கில் ஏறியது. சிகிச்சைக்குப் பின் யோனி வறண்டு குறுகலாம். உறவு வலிக்கும், நோய் திரும்பியதா என்று பரிசோதிப்பதே சிரமமாகும். டைலேட்டர் என்ற எளிய கருவி இதைக் குறைக்க உதவும். அதைச் சொல்லித்தரப் பத்து நிமிடமும் ஒரு மறைவும் போதும். ‘இந்த வயசுல அது எதுக்கு’ என்ற நினைப்பு அந்தப் பத்து நிமிடத்தைத் தின்றுவிடுகிறது.

கூலியும் இப்படித்தான் கணக்கில் விடுபடுகிறது. மொத்த சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால் பலன் குறையும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சென்னை போய்வருவதே ஒரு நாள் வேலை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கும். இழந்த கூலியைத் தராது. ஈ.எஸ்.ஐ.யில் புற்றுநோய்க்கு 80 விழுக்காடு ஊதியத்துடன் இரண்டாண்டு வரை நீட்டித்த உதவி உண்டு. அதற்கு இரண்டாண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதிதாய்ச் சேர்க்கப்படுகிறவள் அந்தத் தொடர்ச்சியை எப்படிக் காட்டுவாள்?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில், இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு எழுந்தது. இங்கே புற்றுநோய் சிகிச்சை பெண்கள் இயக்கத்தின் கோரிக்கையாகவும் இருந்திருக்கிறது. ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. சிகிச்சைத் திட்டம் எழுதும் தாளில் இரண்டு வரி சேருங்கள்: யோனிப் பராமரிப்பை இவளுக்கு யார், எப்போது சொல்லித்தருவார்கள்? இந்த எட்டு வாரம் இவள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?