ப்ளூபெரியும் மார்ல்பரோவும்

கொரிய எழுத்தாளர் பார்க் சாங் யங் எழுதிய 'லவ் இன் த பிக் சிட்டி' நாவலில் என்னை முதலில் ஆட்கொண்டது ஒரு ஃப்ரீசர். சியோல் நகரத்து வாடகை வீட்டில் சேர்ந்து வாழும் யங்கும் ஜேஹீயும் கல்லூரித் தோழர்கள். யங்குக்காக ஜேஹீ மார்ல்பரோ சிகரெட் பாக்கெட்டுகளை வாங்கி ஃப்ரீசரில் வைக்கிறாள். அவளுக்குப் பிடித்த ப்ளூபெரிப் பழங்களை அவன் வாங்கி அதற்குள்ளேயே அடுக்குகிறான். ஒருவர் தீர்க்கத் தீர்க்க மற்றவர் நிரப்பவேண்டும். அவன் ஆண்களைக் காதலிப்பவன்; அவளுக்கும் வேறு காதலர்கள் உண்டு. இந்த இருவரும் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று கேட்டால் ஊரிடம் பதில் கிடையாது. அதை விளக்க ஆசிரியர் ஒரு பத்தியைக்கூடச் செலவழிக்கவில்லை. சிகரெட்டையும் பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கு அது போதும்.

அவர்களுடைய நட்பு தொடங்கும் இடமும் இப்படித்தான். இதேவோன், சியோலின் இரவு விழித்திருக்கும் பகுதி. அமெரிக்கப் படைத்தளத்தை ஒட்டி வளர்ந்த மதுக்கடைகள், அவற்றுக்குப் பின்னே மேடேறும் சந்தில் தன்பாலீர்ப்பாளர்களின் கிளப்புகள். அங்கே ஹாமில்டன் ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் யங் ஓர் ஆணை முத்தமிடும்போது ஜேஹீ பார்த்துவிடுகிறாள். பார்த்தவள் பதறவில்லை, பரிதாபப்படவும் இல்லை. அன்றிலிருந்து இரவுக் கதைகளைப் பகிரும் தோழி ஆகிறாள். பிறகு அவள் கருக்கலைப்புக்காக மருத்துவரிடம் போகிறாள். அங்கே உபதேசம் கேட்டு ஆத்திரமடைந்து, மேசைமேல் இருந்த கருப்பை மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். சிரிப்பும் கோபமும் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. நாவல் வெளியான 2019-ல்தான் கருக்கலைப்புத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று கொரிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் கண்காணிக்கும் இரண்டு உடல்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன என்பது அந்த ஓட்டத்தில் நமக்குப் புரிந்துவிடுகிறது.

இன்றைய வாசகருக்கு ஹாமில்டன் என்ற பெயர் வேறொன்றையும் நினைவூட்டும். 2022 அக்டோபர் 29 இரவு, அந்த ஹோட்டலை ஒட்டிய குறுகிய சந்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 159 பேர் உயிரிழந்தார்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே எழுதப்பட்ட முத்தம் இது. அந்தத் தெருவில் இளையவர்கள் எதைத் தேடிப் போனார்கள் என்பதை இந்த நாவல் அன்போடு பதிந்து வைத்திருக்கிறது என்று இப்போது வாசிக்கையில் தோன்றுகிறது.

பெயர் வைப்பதில் யங்குக்கு இருக்கும் நேர்த்தி தனி. தன்னை உருகி உருகிக் காதலித்த ஒருவனை, அவன் ஓட்டிய கியா காரை வைத்து 'கே3' என்கிறான். இதேவோனில் கூடவே ஆடிக் களிக்கும் நண்பர் கூட்டம் ஒரு பெண்கள் பாப் குழுவின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்கிறது. தன் உடலில் குடியேறிய எச்.ஐ.வி.க்கு அவன் வைத்த பெயர் 'கைலி'. ஊர் வாய்விட்டுச் சொல்ல அஞ்சுகிற ஒன்றை, கூடவே வாழும் ஒருத்தியைப்போல அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். முதல் முறை வாசிக்கும்போது அந்தப் பெயர் வேடிக்கையாகத்தான் இருக்கும். நாவலின் மூன்றாம் பகுதியில் காதலன் க்யுஹோ வந்ததும் வேடிக்கை மெல்ல நழுவிப்போகிறது.

க்யுஹோ, ஜெஜு தீவிலிருந்து வந்தவன். இதேவோன் கிளப் ஒன்றில் மது பரிமாறுகிறான். கைலியைப் பற்றி யங் சொன்ன பிறகும் அவன் விட்டுப் போகவில்லை. அவர்களைப் பிரிப்பது சண்டையல்ல, துரோகமும் அல்ல. இருவரும் ஷாங்காய் போய் வாழலாம் என்று நினைக்கிறார்கள். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். க்யுஹோ மட்டும் விமானம் ஏறுகிறான். இத்தனை பெரிய பிரிவை ஓர் அலுவலக நடைமுறையின் அளவுக்குச் சுருக்கி எழுதியிருப்பதில்தான் இந்த எழுத்தாளரின் கை எனக்குத் தெரிகிறது. மனிதர் யாராவது குறுக்கே நின்றிருந்தால் அவர்மேல் கோபப்பட்டு ஆறியிருப்போம். இங்கே கோபப்படவும் முகம் இல்லை.

பிறகு தாய்லாந்தில், ஆசையை எழுதி வானில் விடும் காகித விளக்கு. வேண்டுதல் என்று யங் எழுதுவது க்யுஹோவின் பெயரை மட்டும்தான். 'வேண்டும்', 'திரும்பி வா' என்று எந்த வினைச்சொல்லும் இல்லை. முன்பு கிண்டலுக்காகப் பட்டப்பெயர்களை அள்ளி வீசியவன், காதலித்தவனை அவனுடைய சொந்தப் பெயரால் எழுதுகிறான்.

2024-ல் இந்தக் கதை திரைப்படமாகவும் எட்டுப் பகுதித் தொடராகவும் வந்தது. ஜேஹீயின் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்ட திரைப்படம் துள்ளலானது, பார்க்கவேண்டியது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் அத்தோடு நின்றுவிடக்கூடாது. ஆன்டன் ஹர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2022-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது, எளிதாகவும் கிடைக்கிறது. திரைப்படத்தில் இல்லாத க்யுஹோவைச் சந்திக்க அந்தப் புத்தகத்துக்குப் போகலாம்.